முதலில் பிடி

சீட்டுக்காசில் வந்தது.
பஞ்சிகாவத்தையிலிருந்து லொறியில், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே.
தையல் மெசினை விடக் கொஞ்சம் பெரியது,
ஆனால் இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

உப்புவெளியில் கடலுக்கும்
எங்கள் பின் விறாந்தைக்கும் எண்ணூறு அடி.
முதல் வாரமே லேத்தின் படுக்கையில்
தேத்தண்ணிக் கறைபோலத் துரு.
எண்ணெய் பூசிப் போர்வையால் மூடினேன்.
"ஆருக்குக் காய்ச்சல்?" என்றாள்
மதிலுக்கு மேலால் சியாமளாதேவி.

லேத் வாங்குவது பாதி வாங்குவது.
மற்றப் பாதி சின்னச் சின்னப் பெட்டிகளில்
எண்ணெய்த்தாள் சுற்றி வந்து
சம்பளத்தைக் கொறிக்கும்.

மஹ்சூமின் கடையில், கண்ணாடிக்குள்,
நீலத் தண்டும் தங்க முனையுமாய்ப் பத்துக் கத்திகள்,
நகைக்கடையில் தோடு அடுக்கினமாதிரி.
"கார்பைட் அக்கா. தீட்டவே தேவையில்லை."
கை பெட்டிவரை போய்விட்டது.
பிறகு கேட்டேன்:
அதுக்கு வேகம் வேணும், ஆடாத உடம்பு வேணும்,
என்ர மோட்டர் அரைக் குதிரை, தாங்குமா?
அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
வியாபாரத்தில் அது நேர்மையான பதில்.

வாங்கியது
விரல் நீளத்தில் மூன்று உருக்குத் துண்டு.
முனையே இல்லாதவை.
முனை என் பொறுப்பு, சாணைக்கல்லில்.
முதலாவது மழுங்கியது.
இரண்டாவது வெட்டாமல் உரசி உரசிக் கத்தியது,
குதியை நான் சாய்க்கவில்லை.
வெட்டுவது முனை மட்டுமில்லை,
முனைக்குக் கீழே விட்ட இடைவெளியும்தான்
என்று மூன்றாவது சொன்னது,
அலுமினியத்தைச் சுருள் சுருளாய் என் செருப்பில் உதிர்த்து.

அடுத்தது பிடி.
கூடவே வந்தது மூன்று தாடைச் சக்.
ஒரு துளையில் திருப்பினால் மூன்றும் சேர்ந்து வரும்,
நடுவுக்கு,
நடு என்று அது நினைக்கிற இடத்துக்கு.
டயல் கேஜை வைத்தேன். முள் பதினெட்டுக் கோடு ஆடியது.
பகல் முழுக்க ஆஸ்பத்திரி லாப்பில்
குழாய்க்குள் ஒரு துளியின் விளிம்பை வாசிப்பவள் நான்.
பதினெட்டுக் கோட்டோடு எப்படித் தூங்குவது?

நாலு தாடைச் சக் வாங்கப் போனேன்.
திரும்பும்போது கோட்டையடியில் வடைக்காக ஸ்கூட்டியை நிறுத்த,
புள்ளிமான் ஒன்று வந்து
அட்டைப்பெட்டியைத் தின்றது,
பில்லையும் சேர்த்து.
இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

பாற்கடல் கதையில் எனக்குப் பிடித்தது அமுதமில்லை.
மலை சரிந்து அமிழ்ந்தபோது
கீழே போய் முதுகு கொடுத்த ஆமை.
அத்தனை பேரும் கயிறு இழுக்க,
எதில் நிற்கும் என்று யோசித்தது அது ஒன்றுதான்.

கிணற்று மோட்டருக்கு ஒரு புஷ். வெண்கலம்.
நாலு தாடையும் நாலு மனம்.
இதைத் தளர்த்து, எதிரே உள்ளதை இறுக்கு,
கையால் சுற்று, முள்ளைப் பார்.
பதினெட்டு, பதினொன்று, திரும்பவும் பதினாலு.
நாலுக்கு வந்தபோது கரண்ட் போனது.

போகட்டும்.
மையம் பார்க்கக் கரண்ட் தேவையில்லை.
போனின் வெளிச்சத்தில், கடல் இரைச்சலில்,
நுளம்பு கடிக்கக் கடிக்க
முள்ளை ஒரு கோட்டுக்குள் கொண்டுவந்தேன்.
இரவு பத்தேகால்.
எழும்பி நின்று எனக்கு நானே சிரித்தேன்.

அந்த நேரம் பல்ப் எரிந்தது.
பிரிட்ஜ் உறுமியது,
சியாமளாதேவி வீட்டு டீவி பாதி வசனத்தில் தொடங்கியது.
லேத் மட்டும் அசையவில்லை.
சக்கின் திறப்பு சக்கிலேயே நின்றது,
என் நெற்றிக்கு நேரே.
ஸ்விட்சை அணைத்திருக்கிறேன்.
எப்போது என்று ஞாபகமில்லை.

வாசல் திறப்பும் சக் திறப்பும்
இப்போது ஒரே ஆணியில்.
ஒன்றை எடுத்தால் மற்றது கிலுங்கும்.

புஷ்ஷா?
அரை மில்லி சிறுத்துப் போனது.
வெண்கலம் இன்னும் ஒரு சாண் இருக்கிறது.