அடிக்கணக்கு

முப்பத்தொரு வருஷம் நான் எண்ணியதெல்லாம்
அடுத்தவர் பணம்.
செம்பூர் கிளை, மூன்றாம் கவுண்டர்.
ஈரப் பஞ்சில் விரல் தொட்டு
கட்டுக்கு நூறு காந்தி.
என் பெயரும் காந்திமதி என்பதால்
மேனேஜர் மாறும்போதெல்லாம் அதே ஜோக்,
நானும் மாறாமல் சிரித்துவைத்தேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம்
விரல்கள் சும்மா இருக்கவில்லை.
பால் கூப்பன், மருந்துச் சீட்டு,
கொடியில் காயும் தலையணை உறை,
எதைக் கண்டாலும் எண்ணின.
"உனக்கு ஏதாவது வேலை வேணும்" என்றார் அவர்,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தரைத்தளத்து வைஷாலி சுர்வே
கோதடி தைப்பவள்.
பழம்புடவை ஒன்றின்மேல் ஒன்றாய் விரித்து
ஓரத்திலிருந்து நடுவுக்கு
ஓடிக்கொண்டே இருக்கும் ஊசி.
மறுமுனையை என்னிடம் தந்தாள்.
என் முதல் தையல் வரிசை
குர்லா தாண்டிய ஹார்பர் ரயிலாய்
நடுவழியில் மனம் மாறி வலப்பக்கம் ஒடிந்தது.
பிரிக்கப் போனேன்.
"விடு, குளிருக்குக் கோணல் தெரியாது."

நடனத்தை நான் தேடிப் போகவில்லை.
நூல்கண்டு வாங்க ஸ்டேஷன் பக்கம் போனேன்,
மழைக்கு ஒதுங்கிய படிக்கட்டு
மேலே ஒரு ஹாலில் போய் முடிந்தது.
பன்னிரண்டு பேர், எல்லாம் என் வயசு.
மெல்ராய், கப்பலில் சமையல்காரராக இருந்தவர்,
பெல்ட்டுக்கு மேலே எழுபது, கீழே இருபத்தைந்து.
"ஜோடிக்கு ஓர் ஆள் குறையுது, வாங்க."
லோக்கலில் ஏறுவதும் இறங்குவதும் தவிர
எதுவும் அறியாத கால்கள்.
குடையை மூலையில் சாய்த்தேன்.

ஜோடி பிலோமினா,
சயான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.
எனக்கு வலது முழங்கால் வலி, அவளுக்கு இடது.
டேலி ஆகிவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வருவதற்குள்
அடி மறந்துபோகும்.
லிஃப்டில் நின்று யோசிப்பேன்:
மூன்றுக்குப் பின் வலதா, இடதா?
அப்போதுதான் பீரோவைத் திறந்தேன்.
கொலுவுக்கும் கல்யாணத்துக்கும்
தாம்பூலத்தோடு வந்து, ஒருவருக்கும் பொருந்தாமல்,
நோட்டுகளைப்போலக் கைமாறிக் கைமாறி
என்னிடமே திரும்பிவந்த
ரவிக்கைத் துண்டுகள் நாற்பத்தேழு.
ஒரே ராத்திரியில் செல்லாததாக்கினேன்,
கத்தரிக்கோலால்.

செய்தித்தாளில் கால் வைத்துப் பென்சிலால் வரைந்தேன்.
இடது கால் பச்சை, வலது கால் அரக்கு.
முன்னே ஒன்று, பின்னே ஒன்று,
பக்கவாட்டில் குட்டியாய் மூன்று.
எட்டிப் பார்த்தார் அவர்.
"கிருஷ்ண ஜெயந்திக்கா?"
"கிருஷ்ணன் நேரே உள்ளே வருவான்.
இது பின்னாலும் போற கால்."

வைஷாலியும் சேர்ந்து இரண்டரை மாதம்.
சனிக்கிழமை ஆட்டோவில் ஏற்றி
ஹாலுக்கு நடுவே விரித்தோம்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நான்காவது அடியில் கோதடி சுருண்டது,
கூடவே நாங்களும்.
மெல்ராய் ஐஸ் தேடி ஓட,
தரையில் கிடந்த பிலோமினா
கண்ணில் நீர் வரச் சிரித்து
நர்ஸ் குரலில் சொன்னாள்:
"எலும்பு ஒண்ணும் இல்லை. இன்னொரு தரம்."

வரைபடமாய்த் தோற்றுப்போனது
போர்வையாய் வீடு திரும்பியது.

பம்பாயில் குளிர் என்பது
ஜனவரியில் ஒரு பத்து நாள்.
நேற்று அதில் ஒரு நாள்.
ஃபேனை நிறுத்திப் படுத்திருந்தோம்.
அவர் தூங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.
கோதடிக்குள் ஏதோ ஊர்ந்தது.
அவருடைய கால் பெருவிரல்,
தையலைத் தடவித் தடவி
ஒவ்வொரு பாதமாய்க் கடந்துகொண்டிருந்தது.

இருட்டில் கேட்டார்:
"பச்சைக்கு அப்புறம்
இந்தச் சின்னது எந்தப் பக்கம் திரும்புது?"

மணி பதினொன்றரை.
கீழ்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பையன்.
விளக்கைப் போட்டேன்.