இணைப்பு எண் வரிசையில்

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே
செம்மண் மேட்டைச் சீவித் தட்டையாக்கி
நாற்பத்தோரு வீடுகளைக்
கடல் பார்க்க வைத்திருக்கிறார்கள்.
மின்வாரியத்துக்கு அவை நாற்பத்தோரு இணைப்புகள்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தொப்பியும் கைக்கருவியும்
நாய்களுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டுமாக
நான் வருகிறேன்.

கல்யாண ஆல்பத்துக்கு வருகிறவர்கள்
யாரிடமும் கேட்காமல்
இந்தத் தூண்களில் சாய்ந்துகொள்கிறார்கள்.
எனக்குப் பக்கச் சுவர் போதும்.
போகன்வில்லாவை ஒதுக்கினால்
சிலந்தி வலை, இரண்டு பல்லி முட்டை,
அவற்றுக்குப் பின்னால் ஓர் எண்.
எண் பொய் சொல்லாது என்று சொல்லமாட்டேன்.
யாரையும் பார்த்து எழுந்து நிற்க
அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒன்றில் டாக்டர் தம்பதி.
நாகர்கோவிலிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார்கள்.
கடலுக்கு அறுபதடி தூரத்தில்
நீலச் சதுரமாக ஒரு நீச்சல் குளம்.
அதன் மோட்டார்தான் எந்நாளும் வீட்டிலிருக்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

நான்கு, ஏழு, எட்டு, பதின்மூன்று:
போன தடவை நின்ற இடத்திலேயே.

ஒன்பது, மார்த்தாண்டத்து முந்திரி முதலாளி
மகளுக்குக் கொடுத்தது.
மகள் மெல்பர்னில்.
பூட்டிய அந்த வீட்டின் ஏசிக் குழாயிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
யார் என்று காவல்காரர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நூறு யூனிட் வரை எல்லோருக்கும் இலவசம்.
ஆகவே பூட்டிய மாளிகைகளுக்கு
நான் அச்சடித்துக் கொடுப்பது பூஜ்யம்.
கேட் இடுக்கில் செருகப் போனால்
போன பூஜ்யமும் அதற்கு முந்தைய பூஜ்யமும்
உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு
அங்கேயே கிடக்கின்றன.

மதில் முடிகிற இடத்தில் சுனாமி குடியிருப்பு.
ஓர் அறை, ஐந்து பேர், ஒரு கிரைண்டர்.
இருநூற்று நாற்பது.
"யக்கா, ஒரு ஃபேன்தானே ஓடுது"
என்று பனிமேரி கருவிக்குள் எட்டிப் பார்க்கிறாள்.
எனக்குத் தெரியும் பிள்ளே.
கருவிக்குத்தான் தெரியாது.

இருபத்திரண்டுக்கு அன்னப்பட்சி கேட்.
உப்புக்குத் துருப்பிடிக்காத எஃகென்று
விற்றவன் சத்தியம் செய்தானாம்.
இரண்டு அன்னத்துக்கும்
கழுத்தில் பழுப்பு வடிகிறது.
பன்னிரண்டு யூனிட்:
காலிங் பெல்லின் சிவப்புப் பொட்டும்
கேமராவின் கண்ணும் சேர்ந்து தின்றது.

போன ஆடியில் அந்தக் கண் பேசியது.
"அக்கா, நில்லுங்க. நான் கிளீட்டஸ்.
வீட்டுக்காரன். கத்தார்ல இருக்கேன்."
தொப்பியைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை.
"பில்லு எவ்வளவு?"
"பூஜ்யம்."
கொஞ்சம் சிரித்தான்.
"இது ரோட்டைத்தான் காட்டும்.
கடல் பக்கம் ஒண்ணு வெச்சேன், உப்பு தின்னுட்டு.
கடல் எப்படிக் கெடக்கு,
பாத்துச் சொல்லுவீங்களா?"

இன்னும் பத்தொன்பது வீடு பாக்கி.
இருந்தாலும் போனேன்.

கலங்கிய தேயிலை நிறம்.
பாறையில் ஏறி, நினைத்துக்கொண்டு,
மறுபடி ஏறியது.
வள்ளங்கள் எல்லாம் கரையில்
குப்புறக் கிடந்தன.
அவன் மாடி நாற்காலிகள் இரண்டும் அப்படியே.
கடலுக்கு இறங்கும் படிக்கட்டை
எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுவது எனக்குப் பழக்கம்.

"கலங்கித்தான் கெடக்கு.
யாரும் தொழிலுக்குப் போகல.
படி பன்னெண்டு இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கப்பலின் சங்கு
நீளமாக ஊதி முடிந்தது.

"பதினேழு கெட்டினேனே அக்கா."

சிவப்புப் பொட்டு அணைந்தது.
எங்கள் ஆட்களின் வேலைதான்.
ஆடிக் காற்றில் எங்கோ கம்பிமேல்
ஓலை விழுந்திருக்கும்.
அணைந்த கண்ணைப் பார்த்து
"வந்துரும், வந்துரும்" என்றேன்.
கரண்டைத்தான் சொன்னேன்.

கருவியில் குறிப்புக்கு மூன்று பொத்தான்.
கதவு பூட்டு. மீட்டர் பழுது. நாய்.
முதலாவதை அழுத்தி
சீட்டைச் செருகிவிட்டு நடந்தேன்.

இருபத்துமூன்றில் நாய் இருந்தது.