எர்ணாவூர், காலை எட்டு நாற்பது

முதல் படத்தில் வீடு தரையில் நிற்கவில்லை.
ஜமீலா திரைமேல் நகம் வைத்துக் காட்டினாள்:
"பாரு, மிதக்குது.
வெள்ளத்துலகூட நம்ம ஏரியா வீடு
இப்படி மிதந்ததில்ல."

ஆறு மணிநேரம் நான் கட்டிய வீடு.
சோப்புபோல வழவழக்கும் சுவர்.
எந்த ஊரிலிருந்தோ இறக்கிய நீல வானம்.
வாசலில் புல்வெளி, இரண்டு ஊசியிலை மரம்,
ஆளில்லாத ஒரு சிவப்புக் கார்.
நானூற்று இருபது சதுரஅடி மனைக்கு முன்னால்
அந்தக் காரைத் திருப்ப
எதிர்வீட்டை இடிக்க வேண்டும்.

"செங்கல் ஒவ்வொண்ணும் அரிசி மூட்டை சைஸ்"
என்றுவிட்டு
தன் பக்கத்து நாற்காலிக்கே திரும்பிவிட்டாள்.
அவளுக்கு மணலியில் ஒரு கல்யாண மண்டபம்
நாளைக்குள் முடியணும்.

நான் காரை அழித்தேன்.
செங்கல்லைச் சுருக்கினேன், பிறகு அதன்மேல் பூசினேன்.
சுவர் முனைகளைக் கால் அங்குலம் மழுக்கியதும்
வெளிச்சம் அங்கே ஒரு நூலாய் வந்து உட்கார்ந்தது.
சுவர் மண்ணைத் தொடும் இடத்தில்
விரற்கடை அழுக்கு, விரற்கடை இருட்டு.
அவ்வளவுதான்,
வீடு இறங்கி நின்றது.

பூவரசு எந்தத் தொகுப்பிலும் இல்லை.
திருவொற்றியூர் ஸ்டேஷன் பின்னால் போய்
பதினோரு இலைகளைப் படமெடுத்து வெட்டி ஒட்டினேன்.
வானத்தை மாற்றினேன்:
அனல்மின் நிலையத்துக்கு மேலே எப்போதும் இருக்குமே,
பாலில் சாம்பல் தட்டிய அந்த வெள்ளை.
கிரில்லுக்கு உப்புக்காற்றின் துரு.
மின்கம்பிகள் நான்கு, கேபிள் கம்பி எண்ணாமல்.
லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கும் குடங்கள் மூன்று.
பறவை உயரத்திலிருந்த கேமராவை
ஐந்தடிக்கு இறக்கினேன்.
பெனடிக்டா அக்காவின் கண் உயரம் அது.

"பக்கத்து வீடு எங்கே?" என்றாள் ஜமீலா, திரும்பாமலே.
தெற்கில் மூன்று மாடிக்கு ஒரு சாம்பல் பெட்டி வைத்தேன்.
மார்கழி என்று கொடுத்தேன், காலை எட்டு நாற்பது.
மின்விசிறி கத்த, கணினி கொதிக்க,
டீ குடித்து வருவதற்குள் பாதிப் படம் வந்திருந்தது.

சமையலறை ஜன்னல் கறுப்பு.

தப்பு நடந்துவிட்டதென்று அமைப்பெல்லாம் தேடினேன்.
தப்பு எதுவுமில்லை.
இரண்டடிச் சந்து, மூன்று மாடி, தெற்குச் சூரியன்.
பிறகு செய்யக்கூடாததைச் செய்தேன்:
சந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கை ஒளித்துவைத்தேன்.
ஜன்னல் தேன்போல மின்னியது.
அழகாகத்தான் இருந்தது, என்ன சொல்ல.

கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடிந்து
அடையாள அட்டையோடு வந்தாள் பெனடிக்டா அக்கா.
பூவரசைப் பார்க்கவில்லை. வானத்தையும்தான்.
"இந்தப் பக்கம் வெளிச்சம் எங்கேர்ந்து வருது?
மாடிவீடு மறைக்குமே."

விளக்கை அழித்துக் காட்டினேன்.
அவள் கறுப்புச் சதுரத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அங்கதானே தம்பி நான் நிக்கப்போறேன்."

அடித்தளம்கூடத் தோண்டாத வீடு.
ஜன்னலைப் பிடித்து இழுத்தேன்,
தெற்குச் சுவரிலிருந்து கிழக்குக்கு, தெருப்பக்கம்,
கடல் இருக்கும் திசைக்கு.
மூன்று நொடி.
கொத்தனார் கட்டி முடித்த பிறகென்றால்
இரண்டு நாள் கூலி, ஒரு சண்டை.

இந்த முறை வெயில் தானாகவே வந்தது,
மேடைமேல் சாய்வாய், கம்பி நிழலோடு.
நான் ஒன்றும் செய்யவில்லை.

கிளம்பும்போது திரும்பிவந்து கேட்டாள்:
"அந்தத் துருவ மட்டும் எடுத்துடேன்.
படத்துலயாவது கொஞ்ச நாள் புதுசா இருக்கட்டும்."
ஜமீலா முறைத்தாள்.
எடுத்துவிட்டேன்.

குடங்களையும் எடுக்கச் சொல்வாளோ என்று காத்திருந்தேன்.
அவள் எண்ணிப் பார்த்தாள்.
"மூணு பத்தாது" என்றாள்,
"அஞ்சா வை."