தொண்ணூற்றொரு நாள்

கூட்டுறவுக் கடன் கட்டியது போக
ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல்
மாசிக் கடைசியில் வங்கியில் கிடந்தது.
ஈரம் பதினேழைத் தாண்டுகிறதென்று
கொள்முதல் நிலையத்து வாசலில் இரண்டு நாள் காயவைத்து,
மூட்டைக்கு நாற்பது அழுது,
சாக்கு எடை போக வந்த பணம்.

"தண்ணி திறக்கிற வரைக்கும் சும்மாவா கெடக்கும்?
நூத்துக்கு மூணு வட்டி. நான் ஆள் காட்டுறேன் அண்ணி"
என்றார் கொழுந்தன் மாசிலாமணி.

ஆள் காட்டுவார்.
அப்புறம் விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்து
அந்த ஆள் வாசலில் நான் நிற்க வேண்டும்.
"இப்பத்தான் வெளிய போனாரு" என்று
அவன் பெண்டாட்டி சொல்வதை
நம்பினவள் போலத் தலையாட்டித் திரும்ப வேண்டும்,
உள்ளே அவன் இருமுவது கேட்டாலும்.

செல்போன் என்னை இமைக்கச் சொன்னது. இமைத்தேன்.
வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் கேட்டது.
பங்குச்சந்தைக் கணக்காம்.
பங்கு எதையும் நான் தொடவில்லை.
மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது:
கருவூல உண்டியல், தொண்ணூற்றொரு நாள்.

எனக்குத் தெரிந்த உண்டியல்
எட்டுக்குடியில் இருக்கிறது.
அதில் போட்டால் போட்டதுதான்.
இது திரும்பி வரும்.
நூறு ரூபாய் உண்டியலைத்
தொண்ணூற்றெட்டு ரூபாய் அறுபத்தேழு காசுக்குத் தருகிறார்கள்.
வட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை.
கழித்துக்கொண்டு வாங்குகிறோம்,
நாள் முடிந்தால் முழு நூறு.

கழித்துக்கொண்டு!
தூசியில், ஈரத்தில், கருக்காயில், சாக்கில்
என் நெல்லில்தான் இதுவரை எல்லாரும் கழித்தார்கள்.
முதல் தடவையாக அரசாங்கத்தின் நூறில்
ஒன்று முப்பத்துமூன்று
நான் கழித்தேன்.

புதன்கிழமை மும்பையில் ஏலம்.
நான் உளுந்தில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.
விலை கேட்கத் தெரிந்தவர்கள் கேட்ட விலையின் நடுவில்
எனக்கும் ஐந்து விழுந்தது.
காகிதம் எதுவும் வரவில்லை.
வியாழக்கிழமையிலிருந்து எண்ணினேன்,
பங்குனி, சித்திரை, வைகாசி,
விரல் கணு போதாமல் காலண்டருக்குப் போனேன்.
ஜூன் பதினொன்று.
மறுநாள் மேட்டூர் மதகு தூக்கும் தேதி.
உழவுக்கும் விதைக்கும் கையில் இருக்கும்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நாற்பதாம் நாளோ என்னவோ
தையல்நாயகி வந்தாள்.
மகனுக்கு வயிற்றில் கட்டி,
தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும்.
இருபதாயிரம்.

இல்லை என்றால் பொய்.
இருக்கிறது என்றாலும் பொய்.
டெல்லியில் இருக்கிறது என்றேன்.

நடுவில் விற்கலாம் என்று எங்கோ எழுதியிருந்தது.
அவள் முன்னாலேயே அழுத்திப் பார்த்தேன்.
வாங்க ஆளில்லை.
ஒரு தடவைதான் அழுத்தினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கோபப்படவில்லை.
தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்:
"கவர்மெண்டுக்கு என்னக்கா
அப்படி ஒரு கஷ்டம்?"

மாசிலாமணி இதைக் கேட்டிருந்தால்
ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஜூன் பதினொன்று பகலில்
முள்ளியாற்றங்கரையில் நின்றபோது செய்தி வந்தது.
ஐம்பதாயிரம்.
ஒரு காசு குறையவில்லை, ஒரு நாள் பிசகவில்லை.
புரோக்கர் கமிஷன் போக அறுநூறு சொச்சம் மிச்சம்.
அடுத்த போகத்தில்
பதினைந்து மூட்டைக்கு அழக் காணும்.

ஆற்றில் மணல்.
நாளைக்கே திறந்தாலும்
கடைமடைக்கு எந்தத் தேதியும் செல்லாது.
நாணல் ஓரம் இரண்டு ஆடுகள் மேய,
அக்கரையிலிருந்து நடு ஆற்றிலேயே நடந்து வந்தாள் தையல்நாயகி.
பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம்,
மீன்குழம்பு கேட்கிறானாம்.
சிரித்தாள்.
தோடு இருந்த துளையில் வேப்பங்குச்சி.

கையில் போன் அணையாமல் இருந்தது.
மறுபடியும் வாங்க விருப்பமா என்று கேட்டது.
செவ்வாய் மாலை ஆறு மணிக்குள்
சொல்ல வேண்டுமாம்.