எக்கோவை எடு

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு எதிரில் வைத்த ஃபிளக்ஸில்
உன் சிரிப்பு மட்டும் ஒரு அடி நீளம்.
'தேன்குரல் அமலோற்பவம்' என்று போட இடம் பற்றாமல்
'தேன்குரல் அமலா' ஆக்கினான் அச்சடித்தவன்.
அன்றிலிருந்து நீ அமலா.
எண்ணூறு ரூபாய் மூவாயிரமானதும்
அந்த வருஷம்தான்.

நான் மிக்ஸர் பலகைக்குப் பின்னால் உட்காருகிறவன்.
பதினாறு வயரில் ஏழாவது வயர் நீ.

கூத்தாநல்லூர் கல்யாணத்தில்
ஜெனரேட்டர் நின்றுபோன அந்த எட்டு நிமிஷம்
யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ,
எனக்கு இருக்கிறது.
கீபோர்டு செத்தது, பேடு செத்தது,
என் விளக்கெல்லாம் அணைந்தது.
நீ மட்டும் நிறுத்தவில்லை.
இருட்டுக்குள் கடைசிப் பந்தி வரைக்கும் போனது குரல்.
பிரியாணிக் கரண்டியைத் தூக்கியவன்
இலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு தை, மாசி, பங்குனி, சித்திரை.
மாசத்தில் இருபத்தாறு ராத்திரி.
கோட்டூரில் பாடி முடித்து
வேனில் தூங்கி
வலங்கைமானில் எழுந்து பாடினாய்.
தொண்டை கட்டியது.
இருமல் டானிக், ஒரு மூடி.
தொண்டை திறந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் திறந்தது.
மூடி போய் டம்ளர்,
டம்ளர் போய் பாட்டிலோடு வாய்.
சீட்டு இல்லாமல் விற்றவன் பேரைச் சொல்ல மாட்டேன்.
வாங்கி வந்தவன் பேரைச் சொல்லலாம்.
நான்தான்.

சரணம் மறந்து பல்லவியையே
மூன்றாம் தடவை நீ எடுத்த ராத்திரி
எக்கோவை இரண்டுக்கு ஏற்றினேன்.
அடுத்த மாசம் நாலு. ஆடியில் ஆறரை.
உன் குரலுக்கு முட்டுக்கொடுக்க
உன் குரலையே பின்னால் நிறுத்தி வைத்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.
உனக்கே தெரியவில்லை, அதுதான் மோசம்.

பட்டுக்கோட்டை மேடையில் ஸ்பீக்கர் தடுக்கி விழுந்தாய்.
விழுந்ததை ஒன்றரை லட்சம் பேர் போனில் பார்த்தார்கள்.
அதுவரை பாடியதையெல்லாம் சேர்த்தால்
நாலாயிரம் பேர் பார்த்திருப்பார்கள்.
குழு ஓனர் தவமணி மறுநாளே
கல்லூரிப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்.
ஃபிளக்ஸைக் கிழித்து
யாரோ ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டார்கள்;
மழை நேரத்தில் ஆடுகள் உன் சிரிப்புக்குக் கீழே படுத்திருந்தன.
கம்மல் போனது. நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டுக்கு
மகன் ஜெரால்டு போனான்.

தஞ்சாவூர் வார்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தேன்,
நாலு பன்னும் பயமுமாக.
முக்கால் மணி நேரம் பேசவில்லை நீ.
கிளம்பும்போது மேலே காட்டினாய்.
"அந்த ஃபேன் சுருதி விலகி ஓடுது.
நாப்பது நாளா கேக்குறேன்.
ஒரு எண்ணெய் விடச் சொல்லேன்."

ரெண்டு வருஷம் கழித்து திருத்துறைப்பூண்டி.
லாரி ஓட்டுநர் சங்க ஆண்டு விழா.
ஐப்பசி. ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
தார்ப்பாய்க்கடியில் என் பலகை.
கீபோர்டுப் பையன் கேட்காமலே
மூன்று கட்டை இறக்கி வைத்தான்.
நேரே என்னிடம் வந்தாய்.
"எக்கோவை எடுத்துரு."
"பூராவுமா?"
"பூராவும்."

முதல் வரி உடைந்தது.
என் கை தானாகத் திருகுக்குப் போனது,
பழக்கம்.
மேடையிலிருந்து பார்த்தாய்.
கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.
ஒருவன் குத்துப்பாட்டு கேட்டுக் கத்தினான்,
நாலு பேர் எழுந்து ஒண்ணுக்குப் போனார்கள்.
இரண்டாம் சரணத்தில்தான்,
கீழே, சேறு படிந்த அடியில்,
முன்பு உன்னிடம் இல்லாத ஒரு ஸ்வரம் கிடைத்தது.
அதன்மேல் நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய்.
கத்தியவன் உட்கார்ந்தான்.

ஆயிரத்து ஐநூறு கொடுத்தார்கள்.
எண்ணி, அதிலிருந்து முந்நூற்று நாற்பதை
என் பலகைமேல் வைத்தாய்.
"கடைசியா வாங்கினியே, நாலு பாட்டில்."
வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
நீ பார்த்த பார்வையில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாகப்பட்டினம் கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.
புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினாய்.
ஜன்னலோரம் உட்கார்ந்து இருமினாய்,
ரெண்டு தடவை.
வெறும் இருமல்.