கரி படிந்த பக்கம்

கதவு நிலையின் மேல்சட்டத்தில் 1811 என்று செதுக்கல்.
மானிய விண்ணப்பத்தில் ஹில்லார்
அதையே எழுதி வைத்திருந்தார்.
நான் துளைப்பானை எடுத்தேன்.

பைன் மரத்தின் வயிற்றிலிருந்து
பென்சில் தடிமனில் ஒரு குச்சி வந்தது.
மூன்று வாரம் கழித்து ஆய்வகம் சொன்ன கணக்கில்
வீட்டுக்கு நாற்பத்தெட்டு வயது கூடிப்போனது.

எஸ்தோனியாவின் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப்
புகைபோக்கி கிடையாது.
நடுவறையில் கல்லடுப்பு. அதற்கு மேலே
கழிகளில் அடுக்கிய ரைக் கதிர்கள்.
புகை தானாக வழி தேடிக் கதவுக்குப் போகும்.
கதிர் காய்ந்த அதே சூட்டில்
குழந்தைகளும் காய்ந்தார்கள், இருமினார்கள்,
வளர்ந்தார்கள், சிலர்.
எரித்த விறகெல்லாம் உத்தரங்களின் அடியில்
தார் போல மின்னுகிறது.
பூச்சி அண்டாததும் அதனால்தான்.

அடுத்தது போரடிக்கும் களம்.
உயரம், குளிர், கூரைவரை இருட்டு.
இங்கே அடுப்பு இருந்ததே இல்லை.
ஆனால் நாலாவது உத்தரத்தில் கரி.
அதுவும் மேல்பக்கம்,
நாணல் கூரையைப் பார்த்த பக்கம்.
எதையும் கவ்வாத இரண்டு வெட்டுக்குழிகள்.
தச்சன் போட்ட எண் தலைகீழாக.

"இது வேறு வீட்டு மரம்" என்றேன்.

ஹில்லார் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
ஓடைக்கு அப்பால் கை காட்டினார்.
புதருக்குள் அடித்தளக் கற்கள் மட்டும்.
லெப்பிகு பண்ணை. சல்மே, இரண்டு பையன்கள்.
நாற்பத்தொன்பது மார்ச்சில் லாரி வந்து ஏற்றிப்போனது.
"பனி உருகுமுன் அப்பா
சறுக்குவண்டியில் இழுத்து வந்துவிட்டார்.
எங்கள் களத்துக் கூரை அந்த வருஷம் உட்கார்ந்திருந்தது."

பிறகு, நான் கேட்காமலே:
"சல்மே திரும்பி வந்தார். ஐம்பத்தேழில். தனியாக.
ஒரு ராத்திரி இங்கே தங்கினார்.
கோடைகாலம், களத்தில்தான் படுக்கை போட்டோம்.
எனக்கு ஏழு வயது. விளக்கு என் கையில்.
அணைடா என்றார் அப்பா.
அவர் படுக்கக்கூட இல்லை, அதற்குள்."

படிவத்தில் கட்டட வரலாற்றுக்கு மூன்று வரி இடம்.
'நாலாவது உத்தரம், மறுபயன்பாடு' என்று எழுதினேன்.
என் கட்டைவிரல் ரேகையில்
சல்மே வீட்டு ரொட்டியின் புகை.

ஹில்லார் எட்டிப் பார்த்தார்.
பேனாவை வாங்கி, கோட்டுக்கு வெளியே,
ஓரத்தில் நெருக்கி நெருக்கிப்
பண்ணைப் பெயரை எழுதினார். சல்மே பெயரையும்.
பையன்களின் பெயர் ஒன்றுதான் நினைவிருந்தது.

பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார்:
"இதனால் மானியம் குறையுமா?"