இரண்டு துண்டு பச்சைக் குழாய்

கம்பியை முதலில் கண்டது யெர்னேய் அல்ல,
அவன் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு.
மூன்றாம் வளைவு தாண்டி
இறக்கம் வேகமெடுக்கும் இடத்தில்
இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே
நத்தை போன தடம்போல ஒரு மினுக்கம்.
பிரேக் பிடித்த சக்கரம் உழுத கோடு
இன்னும் அங்கே இருக்கிறது, பதினோரு அடி.
அது முடிந்த இடத்துக்கும் கம்பிக்கும்
ஒரு சாண்.

நான் சங்கத்தின் பொருளாளர்.
மற்ற நாட்களில் அடிவார ஊரில் மருந்துக்கடைக்காரி.
எண்ணாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.
மறுநாள் காலை
அளவுநாடாவோடு மலையேறினேன்.

தரையிலிருந்து நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர்.
நடந்து போகிறவருக்கு மார்பு.
மிதிகட்டையில் எழுந்து குனிந்து வரும் யெர்னேய்க்குக்
கழுத்து.
என் மகள் ப்ரீனாவின் சின்ன சைக்கிளில்
தலைக்கவசத்துக்கு மேலே ஒரு விரற்கடை.

யாரோ யோசித்திருக்கிறார்கள்.
பிள்ளைகள் போகட்டும் என்றா,
பிள்ளைகள் கணக்கிலேயே வரவில்லையா,
தெரியவில்லை.

வந்த போலீஸ்காரர்
தன் பூட்ஸில் ஒட்டிய சேற்றையே பார்த்திருந்தார்.
'பாதைக்கு அனுமதி உண்டா?'
உண்டு. வனத்துறை முத்திரை,
நிலக்காரர் ஏழு பேர் கையெழுத்து,
அதற்கே மூன்று வருடம்.
'உண்டா?' என்று மறுபடி கேட்டுவிட்டு எழுதினார்:
அடையாளம் தெரியாத நபர்.

அதற்கு முந்திய பனிக்காலத்தில் பாலம்.
அடியிலிருந்து ரம்பம் போட்டு
முக்கால் பங்கு அறுத்து
மேல்பக்கம் கீறல் தெரியாமல் விட்டிருந்தார்கள்.
ஓநாயோ கரடியோ செய்யாத பொறுமை.
அந்தப் பலகைகளை ஸ்தென்கா சுமந்து ஏற்றினாள்,
ஒரு தோள் இறங்கிப்போனவள்,
நடைக்கு இரண்டாக,
ஆறு சனிக்கிழமை.
உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
கூலியே இல்லாத வேலைக்கு
நான் மட்டும் நோட்டுப் போட்டு மணிக்கணக்கு எழுதிவருகிறேன்.
பாலம் என்ற பக்கத்தில்
முன்னூற்றுப் பன்னிரண்டு மணி.
அறுக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?
அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை.

கம்பியை அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன்.
மரப்பட்டைக்கும் கம்பிக்கும் இடையில்
தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய்,
நீளவாக்கில் பிளந்து,
முனை உறுத்தாமல் செதுக்கி,
மரத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு.

பட்டை அறுபடக் கூடாதாம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
அதுவரை எனக்கு ஒரு முகம் இருந்தது திட்டுவதற்கு,
சிவந்த, குடித்த, முட்டாள் முகம்.
அது கையை விட்டுப் போனது.

பிறகு கடையில் கைகளையே பார்க்கிறேன்.
இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் கை.
காளான் பறித்து நகம் கறுத்த கை.
மான்கள் மேட்டுப்பக்கம் ஒதுங்கிவிட்டன என்று
எல்லோரிடமும் சொல்லும் வேட்டைக்காரர் கோலென்ட்ஸின் கை.
'முன்பெல்லாம் காட்டில் சத்தமே இருக்காது' என்கிறார் ஒருவர்.
ஆமாம் என்கிறேன்.
அது பொய்யும் இல்லை.
இருமல் மருந்தை உறையில் போட்டு
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறேன்,
யாருக்கென்று தெரியாமல்.

சங்கக் கூட்டத்தில் யெர்னேய் கேமரா கேட்டான்.
ஒருவன் அவனைப் பிடித்து அதே மரத்தில் கட்டவேண்டும் என்றான்.
ஸ்தென்கா நாற்காலிகளை மடக்கிக்கொண்டே
சனிக்கிழமை எட்டு மணி, கையுறை மறக்காதீர்கள் என்றாள்.
எட்டேகாலுக்கு ஒன்பது பேர் வந்தோம்.
சென்ற வருடம் நாற்பத்தொன்று.

புது உத்தரத்தை ஓடைக்குக் குறுக்கே இழுக்க
பீச் மரத்தில் வடம் கட்ட வேண்டியிருந்தது.
சுற்றும்போது
என் கோட்டுப் பையிலிருந்து அவை வெளியே வந்தன.
வடத்துக்கு அடியில் வைத்தேன்.
இருமுனையும் கச்சிதம்.
'எங்கே வாங்கினாய்?' என்றாள் ஸ்தென்கா.
'மேலே கிடந்தது.'
அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
வடம் முறுகியது. மரம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து
ப்ரீனாவைக் கதவுநிலையில் நிறுத்தி
பென்சிலால் கோடு போட்டேன்.

வசந்தத்துக்குப் பிறகு
இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.